சீப்பில் வராத முடி

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து மாடிச் சன்னலை அறைந்துகொண்டே இருக்கிறது. பாஹிமா கண்ணாடி முன் நின்று மறுபடியும் தலை சீவுகிறாள். சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு முடிகூட இல்லை. நுரையீரல் புற்றுக்கட்டிக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதமாகப் போகிறது. எதிர்வீட்டு மங்களேஸ்வரி அக்காவுக்கு ஊசி ஏற்றித் தலை மொட்டையான பிறகுதானே குணமானது? அதை நினைத்து இவள் முன்கூட்டியே வாங்கிய கறுப்புத் தொப்பி கொடியில் சும்மா ஆடுகிறது. போன் அதிர்கிறது. கன்னமெல்லாம் கிளம்பியிருக்கும் பருக்களின்மேல் அவசரமாகப் பவுடரை அப்பிக்கொண்டு எடுக்கிறாள். திரையில், துபாயிலிருந்து அவள் கணவன் மன்சூர். "என்னட்டி, மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிருக்க?" "சூட்டுப் பரு. அருவியில குளிச்சாப் போயிரும். முடிதான் கொட்டவே மாட்டேங்கு. மருந்து கேக்கலையோ என்னவோ." மன்சூர் எழுந்து உட்காருகிறான். "பருவா? இது உன் கட்டியைச் சோதிச்சு, அதுக்குன்னே குடுத்த மாத்திரைட்டி. இதுக்கு முடி அப்படிக் கொட்டாது, மூஞ்சில பருதான் வரும். வந்தா மருந்து புடிக்குதுன்னு கொஞ்சம் நம்பலாம், ஆனா உடனே வந்து காட்டணும்னு டாக்டர் போன்ல எங்கிட்டச் சொன்னாரு. நீ பயப்படுவேன்னு மறைச்சேன். பரு வரலையேன்னுதான் நான் தூங்காமக் கெடக்கேன்." அவள் முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைக்கிறாள். "வெளிச்சத்துக்கு வா." சன்னலைத் திறக்கிறாள். சாரல் பட்டுக் கன்னம் சுள்ளென்று எரிகிறது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.