பதிவாளரின் கார்

"முதல்ல உங்க கார் வெளியே போகட்டும் சார். அப்புறம் எங்க பைக்கைப் பத்திப் பேசலாம்."

மாணவர் சங்கத் தலைவி மேஜை மீது விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பல்கலைக்கழகப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து இது மூன்றாவது முறை. கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். வளாகத்தில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நாற்பத்து மூன்று மரங்களை வெட்டிவிட்டு அந்த இடத்தைச் சமன்படுத்தலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மாணவர்கள் போய் மரங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான்கு நாளாக யாரும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் துணைவேந்தர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். "சேர்ந்து உட்கார்ந்து ஒரு வழி சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து ஆகலேன்னா, நாளைக்கு ரம்பம் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மணி நாலு.

"நான்தான் வழி சொல்லிட்டேனே," என்றார் பதிவாளர். "மாணவர்கள் யாரும் பைக் கொண்டுவர வேண்டாம். இடம் தானா கிடைச்சுடும்."

"நல்லா இருக்கே! விட்டுக்கொடுக்கிறது மட்டும் நாங்களா?" தலைவி பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளரைப் பார்த்தாள். "கணக்கைச் சொல்லு."

செயலாளர் ஓர் இயற்பியல் மாணவன். 'புள்ளிவிவரம்' என்றால்தான் வளாகத்தில் அவனைத் தெரியும். நோட்டைப் புரட்டினான். "நேத்துக் காலைல வாசல்ல நின்னு எண்ணினோம் தலைவரே. ஊழியர்களோட கார் இருநூத்திப் பன்னெண்டு. அதுல நூத்தி எண்பத்தொன்பது கார்ல, ஓட்டுறவரைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது."

மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்த வளாகப் பொறியாளர் குபீரென்று சிரித்துவிட்டார். பதிவாளரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அதுல ஒண்ணு உங்களோடது சார்," என்றாள் தலைவி. "நான் பஸ்லதான் வர்றேன். உங்களால மட்டும் ஏன் முடியாது?"

பதிவாளருக்குச் சுருக்கென்றது. இவளிடம் பேசி ஜெயித்ததாக அவருக்கு நினைவே இல்லை. குரலை உயர்த்தவே மாட்டாள். எதிரே இருப்பவரின் குரல்தான் தானாக இறங்கிவிடும்.

"எனக்குக் கார் ஆடம்பரம் இல்ல, அவசியம். வீட்டுல வயசானவங்க இருக்காங்க. திடீர்னு அவங்களுக்கு ஒண்ணுன்னா, நான் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

செயலாளர் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பொறியாளருக்கு மின்விசிறி சுற்றுவதில் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது.

தலைவியின் முகம் சிவந்தது. "வயசானவங்களைத் துணைக்குக் கூப்பிடாதீங்க சார். கார் வேணும்னு அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலை."

"கேக்கவும் மாட்டாங்க."

பதிவாளர் எழுந்து ஜன்னலருகே போனார். தூரத்தில் மரத்தடிகளில் மாணவர்கள் தெரிந்தார்கள். ஒருத்தி மரத்தில் சாய்ந்தபடி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரே போர்வையைப் பங்கு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்று திரும்பினார். "நாளையிலேர்ந்து என் கார் வராது. மத்த ஊழியர்களையும் நான் பேசி வழிக்குக் கொண்டுவரேன். ஆனா நீங்களும் ஏதாவது கொடுக்கணும். விடுதியில தங்கியிருக்கிறவங்களுக்கு எதுக்கு பைக்? வகுப்பு பத்து நிமிஷ நடைதானே?"

இப்போது தலைவி யோசனையில் ஆழ்ந்தாள்.

"எனக்கு ஓட்டுப் போட்டதே விடுதிப் பசங்கதான் சார். என்னைத் திட்டித் தீர்த்துடுவாங்க."

"ஊழியர்கள் என்னைச் சும்மா விடுவாங்களா? ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்."

தலைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முறைக்கத்தான் நினைத்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. "ரயில் நிலையத்துலேர்ந்து வளாகத்துக்குப் பல்கலைக்கழகமே பஸ் விடணும். அதையும் எழுதுங்க."

"எழுதியாச்சு," என்றார் பொறியாளர், பேனாவை எடுக்கும் முன்பே. பிறகு தாளில் என்னவோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்போ ஒரு மரத்துலகூட கை வைக்க வேண்டாம்!"

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் தாளைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான். பொறியாளரும் பின்னாலேயே போனார். இரண்டு நிமிடத்தில் நூலகப் பக்கமிருந்து கேட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தலைவி மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருடா வயசானவங்க?"

பதிவாளர் பதறிப்போய் எழுந்தார். அறுபத்திரண்டு வயதில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து, சங்கத் தேர்தலில் எல்லோரையும் தோற்கடித்த தன் அம்மாவிடமிருந்து புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "தப்புதாம்மா. ஆனா பஸ்ல ஜன்னலோர சீட் எனக்குத்தான்."