இறக்கையின் நுனி

இறக்கை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காற்றாலை இறக்கை. ஒரு தெரு நீளம் இருக்கும். முன்னால் வண்டியை ஓட்டுபவர் பிச்சைக்கனி அண்ணாச்சி. வளைவுகளில் இறங்கி இறக்கையின் வாலோடு நடப்பவன் அவன். பின்சக்கரங்களைத் திருப்பும் ரிமோட் அவன் கழுத்தில் தொங்கியது.

நுனியில் ஒரு சிவப்புத் துணி. அது இல்லாமல் துறைமுகக் கேட்டில் விட மாட்டார்கள். கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவன் பெருமையாகச் சொன்ன முதல் சட்டம் அதுதான்.

மத்தியான வெயில். ஊரே உண்ட மயக்கத்தில் கிடந்தது.

முட்டையும் தீப்பெட்டியும் பனியனும் இந்தச் சாலை வழியாகத்தான் கப்பலேறுகின்றன. பாரம் கூடக் கூடச் சாலையை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஓரத்து வீடுகள் கீழே இறங்கிப் போயின. வளைவில் இருக்கும் வீட்டின் மொட்டை மாடி இப்போது சாலையிலிருந்து ஓர் ஆள் இடுப்பளவுதான்.

அந்த வீட்டில் தங்கபுஷ்பம் இருக்கிறாள். அவன் மனைவி.

சித்திரையில் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள். அந்த ரோட்டையே கட்டிக்கொண்டு அழு என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது.

அவனுக்கும் வீம்பு. கூப்பிடாமல் போய் மாமியார் வீட்டு வாசலில் நிற்பதாவது?

வாரம் ஓர் இறக்கையோடு இதே வளைவைக் கடப்பான். வால் அந்த மாடியை உரசுவதுபோல் வந்து விலகும். கொடியில் துணிகள் காயும். அவள் இருக்க மாட்டாள்.

இன்று கொடியில் அவனுடைய நீலச் சட்டை.

எந்த ஊர் ஓட்டலிலோ விட்டுவிட்டோம் என்று அவன் தேடி ஓய்ந்த சட்டை. இவள் எடுத்து வந்திருக்கிறாள். துவைத்தும் போட்டிருக்கிறாள்.

சட்டைக்குப் பின்னால் அவள் நின்றாள்.

அவன் கட்டைவிரல் பொத்தானை மறந்தது.

வால் திரும்பாமல் நேராக மாடிக்கு மேலே போனது. வாலுக்கு என்னவாயிற்று என்று வாக்கிடாக்கியில் அண்ணாச்சி கேட்டார். பதில் இல்லாததால் வண்டியை நிறுத்தினார். நுனி அவள் தோளருகே வந்து நின்றிருந்தது.

அவள் பயப்படவில்லை. பசுவைத் தடவுவதுபோல் அதைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு சிவப்புத் துணியை அவிழ்த்தாள்.

அந்த இடத்தில் ஈரச் சட்டையைக் கட்டினாள். சட்டைக் கைகள் இரண்டையும் சேர்த்து, இறுக்கி, இரண்டு முடிச்சு.

அவன் தடுத்திருக்க வேண்டும். தடுக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே நிற்க ஆசையாக இருந்தது.

சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் பொத்தானை அழுத்தி வாலைத் திருப்பினான். வண்டி நகர்ந்தது.

நேர்ச்சாலையில் அவன் வால்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டான். உப்பளங்கள் வந்தன, போயின. சட்டைக்குள் காற்று புகுந்து தோள் எழுந்தது, மார்பு நிறைந்தது. தன்னைப்போல் ஒருவன் ஊர்ப்பக்கமே பார்த்தபடி பறந்து வருவதாக அவனுக்குத் தோன்றியது.

கேட்டில் காவலர் கை காட்டினார். சிவப்புத் துணி எங்கே என்று கேட்டார்.

பிச்சைக்கனி அண்ணாச்சி இறங்கி வந்தார். அவர் தோளில் சிவப்புத் துண்டு கிடந்தது. நுனியில் ஆடும் சட்டையைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"வீட்டுல இருக்கு அண்ணாச்சி," என்றான்.

அவர் துண்டை எடுத்து நிதானமாக மடித்தார். சாலையோரக் கல்லில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"போய் வாங்கிட்டு வா. கப்பல் நாளைக்குத்தாம்ல."

அவன் நுனியிலிருந்து சட்டையை அவிழ்த்தான். நன்றாகக் காய்ந்திருந்தது.