மாப்பிள்ளையின் கால்கள்

நாள் முழுக்க சைக்கிள் மிதித்தவன் விடுதி அறையில் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தான். அப்படிப் படுத்தால் வலி வடிந்துவிடும். வடிந்து எங்கே போகும் என்று அவன் யோசித்ததில்லை. தங்கை புருஷனைத்தான் நினைத்துக்கொண்டான். சோபாவை விட்டு எழாத சோம்பேறி, ஊர் சுற்றுகிறவனைப் பார்த்து இளிக்கிற ஜென்மம்.

காலையில் கால்கள் பஞ்சாக இருந்தன. தொடையில் டவுசர் விளிம்போடு நின்ற வெயில் கருப்பைக் காணோம்.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இவரால எந்திரிக்கவே முடியல. கெண்டைக்கால் கல்லா இருக்கு. தொடையில கோடு போட்ட மாதிரி வெயில் கருப்பு வேற. வீட்டை விட்டே போகலையே."

அவன் டயரை அமுக்கிப் பார்த்தான்.

"மாப்பிள்ளையை நல்லா சாப்பிடச் சொல்லும்மா. இன்னைக்கு எனக்கு மலை ஏத்தம்."