கிங் தெருவில் மும்முரமாய் மூன்று பேர்

திங்கட்கிழமை காலை தன் காபிக் கடையைத் திறந்ததுமே டோரீனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எதிரே கிங் தெருவில், ஆரஞ்சு மேலங்கி போட்ட புது ஆட்கள் மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்று பேருமே!

கிரெஸ்ட்போர்ட் ஊரில் பிறந்து, அறுபது வருடமாக அதன் ரோடு வேலைகளைப் பார்த்துச் சலித்தவள் அவள். அவளை ஏமாற்ற முடியுமா? நகராட்சி ஆட்கள் என்றால் ஒருவன் தோண்டுவான், மற்றவர்கள் பார்ப்பார்கள். அதுதான் முறை.

கெர்ரி கோஷ்டியைப் பாருங்கள். பதினான்கு மாதமாக வங்கிச் சுவரை ஒட்டி ஒரே ஒரு குழி. அதைச் சுற்றி நீலப் படுதா, அதையும் சுற்றி நாற்பது ஆரஞ்சுக் கூம்புகள், தெருவே அடைப்பு. ஒருவன் குழிக்குள் இருப்பான். மற்ற மூவரும் மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நேற்றைய ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். டாண் என்று பத்து மணிக்கு நால்வரும் டோரீன் கடையில் ஆஜர். காபி, பட்டர் டார்ட் என்கிற இனிப்புப் பலகாரம், முக்கால் மணி நேரம் அரட்டை. தூறல் விழுந்தால் அன்றைக்கு லீவு.

அந்தக் குழியால் டோரீனின் வியாபாரம் படுத்தேவிட்டது. கார் நிறுத்த இடமில்லாத கடைக்கு டோனட் வாங்க யார் வருவார்கள்? நகராட்சியோ வெள்ளிக்கிழமை தவறாமல், "கிங் தெரு வேலை திட்டப்படி நடக்கிறது" என்று இணையதளத்தில் ஒரு வரி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்குள் தெரு திறக்காவிட்டால் முப்பது வருடக் கடையை மூடிவிடுவது என்று டோரீன் முடிவே செய்துவிட்டாள். கெர்ரிதான் தைரியம் சொல்வான்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாம் இழுக்காது டோரீன். அதுக்கு முன்னாடியே முடிச்சுட்டுக் கிளம்பிடுவோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு இரண்டாவது காபி இலவசம்.

இந்தப் புதியவர்களோ காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். பத்து மணிக்குக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்கில் கொண்டுவந்ததை நின்றபடியே குடித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, நனைந்தபடியே தோண்டினார்கள். சாயங்காலத்துக்குள் இருபது அடி பள்ளம், அதுவும் நேராக வங்கியைப் பார்த்து.

இது வங்கிக் கொள்ளைதான் என்று டோரீன் முடிவுகட்டினாள். வங்கியில் இருப்பது யார் சொத்தோ, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஆனால் கொள்ளை என்று ஒன்று நடந்தால் போலீஸ் வந்து தெருவை மூடும். விசாரணை முடியக் கோடைகாலம் ஆகிவிடும். கடையை அதற்குள் மறந்துவிட வேண்டியதுதான்.

மழை லீவு முடிந்து மறுநாள் காபிக்கு வந்த கெர்ரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மூணு பேருமா வேலை செய்யறாங்க?" பட்டர் டார்ட் அவன் வாயருகே அப்படியே நின்றுவிட்டது.

"ஒருத்தன்கூடச் சும்மா நிக்கல கெர்ரி. ரெண்டு மணி நேரம் இந்த ஜன்னலை விட்டு நகராம பார்த்தேன்."

கெர்ரி நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அப்ப அவங்க நம்ம ஆளுங்களே இல்ல."

தானே அலுவலகத்தில் விசாரிப்பதாகச் சொன்னான். அவசரப்பட்டுப் போலீஸைக் கூப்பிட்டால் நடக்கிற வேலையும் நின்றுபோகும், நஷ்டம் அவள் கடைக்குத்தான் என்றும் எச்சரித்தான். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று டோரீன் உருகிப்போனாள்.

புதன்கிழமை கெர்ரி கோஷ்டியைக் காணோம். டோரீன் ஆச்சரியப்படவில்லை. நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் பாதி ஊர் சொல்லாமல் கொள்ளாமல் காட்டுக்குள் போய்விடும். இந்த மூவருக்கு மட்டும் வேட்டையும் இல்லை, விடுப்பும் இல்லை. பள்ளம் வங்கிச் சுவரைத் தொட இன்னும் ஆறடிதான் பாக்கி.

மதியம் அவர்களில் ஒருவன், டவாரெஸ் என்று மேலங்கியில் பெயர் எழுதியவன், கடைக்குள் வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, தரையில் சேறு பட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மேடம், எதிர்ல இருக்கற பேங்க்கை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

அவன் வெளியே போன மறுநிமிடம் டோரீன் போலீஸுக்குப் போன் போட்டாள். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். நகராட்சி உடுப்பில் மூன்று பேர் மூன்று நாளாக ஓயாமல் வேலை செய்கிறார்கள் என்றாள். உடனே கார் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கான்ஸ்டபிள் மக்கின்டயர் வந்தார். காகிதங்களைக் கேட்டார். டவாரெஸ் கத்தையாக எடுத்து நீட்டினான். வங்கிக்குப் போகும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்ததாம். வங்கி ஊழியர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று மூடும் நேரத்தை விசாரித்தானாம். சந்தேகப்பட்டதற்கு மக்கின்டயர் மன்னிப்புக் கேட்டார், சந்தேகம் வரும்படி நடந்துகொண்டதற்கு டவாரெஸ் மன்னிப்புக் கேட்டான். இப்படியே ஐந்து நிமிடம் போயிற்று. டோரீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நிஜமான நகராட்சி ஆளுங்கதான் மேடம்," என்றார் மக்கின்டயர். "இந்தத் தெருவைத் தோண்ட அனுமதியே போன வெள்ளிக்கிழமைதான் கிடைச்சுதாம். அதான் இவ்வளவு சுறுசுறுப்பு."

"போன வெள்ளிக்கிழமையா? அப்ப கெர்ரி?"

"எந்த கெர்ரி?"

டோரீன் நீலப் படுதாவைக் காட்டினாள்.

படுதாவை விலக்கிக் குழிக்குள் இறங்கிய மக்கின்டயர், அரை மணி நேரம் கழித்து, முகம் வெளிறிப்போன மேலாளரோடு வங்கியின் வாசல் வழியாக வெளியே வந்தார்.