அழாத பிள்ளை

"எங்கட பிள்ளை மாதிரி அமைதியான பிள்ளை நிலாவெளியிலேயே இல்லை, மிஸ்! மூண்டு நாளா அழவேயில்லை" என்று பெருமிதம் பொங்கத் தன் நான்கு மாத மகனை மருத்துவமாது பஸ்மியாவிடம் நீட்டினான் ரிஷிகேசன்.

குழந்தையின் தலை அவளது கையில் துவண்டு விழுந்தது.

"பால் குடிக்கிறானா?"

"உறிஞ்சப் பஞ்சி, சோம்பேறிக் கள்ளனுக்கு!" என்று சிரித்தாள் தாய் ஜெயரூபி.

பஸ்மியா சிரிக்கவில்லை. "தாய்ப்பாலைத் தவிர வேற என்ன குடுத்தீங்க?"

"தேன் மட்டுந்தான். கலப்பில்லாத காட்டுத்தேன். பிள்ளையின்ர பேச்சு இனிக்கட்டும் எண்டு நான்தான் நாக்கில தடவினனான்" என்றான் ரிஷிகேசன்.

"ஒரு வயதுக்குள்ள தேன் நஞ்சு! அதில இருக்கிற கிருமி உடம்பையே செயலிழக்கப் பண்ணிப்போடும். உடனே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்க!"

"அழாத பிள்ளைக்கு என்ன வருத்தம், மிஸ்?"

"அழாமலில்லை, தம்பி. வடிவாப் பாருங்க."

மகனின் வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. ஓசை மட்டும் பிறக்கவில்லை.