மேசை தட்டும் சத்தம்

மதியச் சாப்பாடு முடித்து ஆசிரியர் ஹார்கிரீவ் திரும்பியபோது, அந்த லண்டன் பத்திரிகை அலுவலகமே மேசைகளைத் தட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. வேலையை விட்டுப் போகிறவரை அங்கே அப்படித்தான் வழியனுப்புவார்கள்.

“இன்னைக்கு யாரோட சீட்டைக் கிழிச்சாங்க?” என்றார் உற்சாகமாக.

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான், பாஸ்” என்றாள் துணை ஆசிரியை மோரின்.

“அவனுக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியாது.”

“சபாஷ்! போறவனுக்குக் கடைசியாத்தான் தெரியணும். நான் கத்துக்கொடுத்தது வீண்போகல!” ஸ்டேப்ளரை எடுத்து எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். “அழுவானா?”

“அதைப் பார்க்கத்தான் காத்திருக்கோம்.”

சட்டென்று சத்தம் நின்றது. அவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

காவலாளி அவருடைய குடையையும், மேசைச் சாமான்கள் நிரம்பிய அட்டைப்பெட்டியையும் நீட்டினான்.

“ஸ்டேப்ளரை வெச்சிட்டுப் போங்க, சார். அது கம்பெனியோடது.”