கடைசியாகச் சொன்ன பெயர்

கூடைப்பந்துக் கோப்பையோடு மேடையேறிய லிதுவேனியக்காரன் ரிமான்டாஸ் மைக்கைப் பிடித்தான்.

"ஊரை விட்டு வரவே மாட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். புது ஆட்டக்காரங்களை அணிகள் ஒவ்வொருத்தரா தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல எல்லா அணியும் என்னை ஒதுக்கினப்போ, கடைசி ஆளா என்னை எடுத்தவர் நம்ம மேனேஜர் கார்வின். அந்த நம்பிக்கைக்காகத்தான் விமானம் ஏறினேன். என்கிட்ட அப்படி என்ன சார் பாத்தீங்க?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கார்வின் குனிந்துகொண்டார்.

"ஏதோ... மனசுல பட்டுச்சுப்பா."

ரிமான்டாஸ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

கீழே இறங்கியதும் உதவியாளர் ஹோலிஸ் காதைக் கடித்தார். "அன்னிக்கு எங்ககிட்ட சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாமே?"

"வாயை மூடுய்யா!"

அன்று அவர் சொன்னது இதுதான்: "அணியில இடமே இல்ல. எடுத்தாலும் வராதவன் எவனாவது இருந்தா, அவன் பேரைச் சொல்லித் தொலைங்க. சாப்பிடப் போகணும்."